பொன்ஃபயரில் பொன் இல்லை: ஓர் ஆங்கிலச் சொல்லின் அடியைத் தேடிப் போவது எப்படி?

இரண்டு வருடத்துக்கு முன் கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சாரணர் பாசறை நடந்தது. ஆங்கிலம் படிப்பிக்கிறவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இரவில் காய்ந்த பாலைக் கொப்பும் பனம் மட்டையும் கூம்பாக அடுக்கிப் பாசறைத் தீ மூட்டினார்கள். மட்டை வெடித்துப் பொறி பறக்க, பக்கத்தில் குந்தியிருந்த ஒன்பதாம் ஆண்டுப் பொடியன் கேட்டான்: "சேர், இதுக்கு ஏன் பொன்ஃபயர் எண்டு பேர்? பொன் மாதிரி எரியிறதாலயோ?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, சரியான விடையைச் சொல்கிற தோரணையில் சொன்னேன்: "இல்லையடா தம்பி, பிரெஞ்சில பொன் எண்டால் நல்லது. நல்ல நெருப்பு. அதுதான்." நான் படித்த வழிகாட்டிப் புத்தகம் ஒன்றில் அப்படித்தான் இருந்தது. பத்து வருடமாக வகுப்பில் அப்படித்தான் சொல்லியும் வந்திருக்கிறேன். அன்றிரவு வீட்டுக்கு வந்து சும்மா போனில் தட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவன் சொன்னதும் பிழை, நான் சொன்னதும் பிழை. இரண்டு பேரும் காதால் கேட்டதை வைத்துக் கதை கட்டியிருந்தோம். அவன் தமிழை வைத்துக் கட்டினான், நான் பிரெஞ்சை வைத்துக் கட்டினேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு என் ரியூசன் வகுப்பில் கிழமைக்கு ஒரு சொல்லை எடுத்து, அடிவரை போய்ப் பார்க்கிறோம். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓ.எல். சோதனை எழுதிவிட்டு மறுமொழி வரும்வரை வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு நல்ல வேலை. ஒரு கொப்பி, ஒரு பேனை, கொஞ்சம் டேட்டா உள்ள போன் போதும்.

முதலில் உங்கள் ஊகத்தை எழுதி வையுங்கள்

அகராதியைத் திறக்க முதல், இந்தச் சொல் எங்கிருந்து வந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பதைக் கொப்பியில் ஒரு வரியில் எழுதுங்கள். வெட்கப்படத் தேவையில்லை. "பொன் போல எரிவதால்" என்று எழுதினாலும் சரி. விடையைப் பார்த்த பிறகு "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று நம்மை நாமே ஏமாற்றுவது சுலபம். எழுதி வைத்தால் ஏமாற்ற முடியாது.

சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, இரண்டாக வெட்டுங்கள்

தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு ஆங்கிலச் சொல்லின் அடியைத் தேடாதீர்கள். நம்முடைய 'ப' மூன்று நான்கு ஒலிக்கு ஒற்றை ஆளாக வேலை செய்கிறது. 'போன்' என்று எழுதினால் கையில் இருக்கிற தொலைபேசியும் அதுதான், எலும்புக்கான ஆங்கிலச் சொல்லும் அதுதான். என் வகுப்பில் ஒரு பிள்ளை 'போன் ஃபயர்' என்றதைப் பார்த்து, சார்ஜில் போட்ட போன் பற்றியெரிந்த கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். பிழை அவளுடையது இல்லை, கரும்பலகையில் தமிழில் எழுதிய என்னுடையது.

ஆங்கில எழுத்தில் எழுதியதும் சொல் ஒட்டுச்சொல்லா என்று பாருங்கள். பொன்ஃபயரில் பிற்பாதி 'ஃபயர்' என்பது எல்லாருக்கும் தெரியும். சிக்கல் முற்பாதியில்.

அகராதியைக் கடைசியிலிருந்து வாசியுங்கள்

சொற்பிறப்புக்கென்றே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கில அகராதி 'எட்டிமொன்லைன்'. தொடங்குகிறவர்களுக்கு அது போதும். பெரிய அண்ணன் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி. 1884இல் முதற் பகுதி வெளிவந்து 1928இல்தான் முதற்பதிப்பு நிறைவுற்றது. அதை முழுதாகப் பார்க்கச் சந்தா கட்டவேண்டும்.

பதிவை வாசிக்கும்போது மூன்று அடையாளங்களைக் கவனியுங்கள். சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த வடிவம் எங்கும் எழுதப்பட்டுக் கிடைக்கவில்லை, மொழியியலாளர்கள் உறவுமொழிகளை ஒப்பிட்டுக் கணித்தது என்று பொருள். 'உறவுச்சொல்' என்று சொல்லியிருந்தால் இரண்டு சொல்லும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள், ஒன்று மற்றதிலிருந்து வந்ததில்லை. 'அநேகமாக', 'இருக்கலாம்' என்று எழுதியிருந்தால் நீங்களும் அப்படியே எழுதவேண்டும். நம் ஆட்கள் தவறுகிற இடம் இதுதான். அகராதி 'இருக்கலாம்' என்றதை முகநூலில் போடும்போது 'உறுதியாகிவிட்டது' என்று ஆக்கிவிடுகிறோம்.

பதிவின் தொடக்கத்தில் இன்றைய பொருள் இருக்கும், போகப்போகப் பழைய வடிவங்கள் வரும். ஆகவே கடைசியிலிருந்து மேல்நோக்கி வாசித்தால், சொல் பிறந்து வளர்ந்த வரிசை கிடைக்கும்.

பொன்ஃபயரை அப்படி வாசித்தால் என்ன வருகிறது? முற்பாதி, எலும்பைக் குறிக்கும் 'போன்'. அதாவது எலும்பு நெருப்பு.

எலும்பு என்றதும் எங்கள் வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. இந்த மண்ணில் ஏன் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு ஒரு பிள்ளைதான் கேட்டாள், "அதுக்கு என்ன சேர் ஆதாரம்?" அந்தக் கேள்விதான் அடுத்த படி.

மூன்று கேள்வி கேளுங்கள்: எப்போது, எப்படி ஒலித்தது, உண்மையிலேயே நடந்ததா?

*எப்போது எழுதினார்கள்?* 1483ஆம் ஆண்டைச் சேர்ந்த 'கத்தோலிக்கோன் அங்கிலிக்கும்' என்ற ஆங்கில–லத்தீன் சொற்கோவையில் இந்தச் சொல் இருக்கிறது. முற்பாதி 'பேன்' என்று இருக்கும். அது எலும்புக்கான வட இங்கிலாந்து உச்சரிப்பு, ஸ்கொட்லாந்தில் இன்றைக்கும் கேட்கலாம். அதற்கு எதிரே லத்தீனில் பொருள்: 'இக்னிஸ் ஒஸ்ஸியும்', எலும்புகளின் நெருப்பு. அந்தக் காலத்து ஆளே நேராகப் பொருள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

'நல்ல நெருப்பு' என்ற விளக்கம் எப்போது வந்தது? சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில் முற்பாதியைப் பிரெஞ்சுச் சொல் என்று போட்டார். 1483க்கும் 1755க்கும் இடையில் 272 வருடம். சொல் பிறந்த காலத்துக்குக் கிட்ட நின்றவரை நம்புவதா, எட்ட நின்றவரை நம்புவதா? அதுவும் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் எலும்பு தெளிவாகத் தெரிகிற எழுத்துக்கூட்டல் வழக்கில் இருந்தது. இன்னொன்று, பிரெஞ்சுக்காரர் கொண்டாட்ட நெருப்பை 'மகிழ்ச்சி நெருப்பு' என்று சொல்வார்களே தவிர, 'நல்ல நெருப்பு' என்பதில்லை. பெரிய மனிதர்தான், பெரிய அகராதிதான். ஆனாலும் இந்த இடத்தில் அவரும் எங்கள் ஒன்பதாம் ஆண்டுப் பொடியனும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். அவனிடம் இதைச் சொன்னபோது ஒரு கிழமை தலை நிமிர்த்தி நடந்தான்.

*எப்படி ஒலித்தது?* 'போன்' என்ற நெடில் 'பொன்' என்று குறுகலாமா? குறுகுவது வழக்கம் என்றால், வேறு சொற்களிலும் அது நடந்திருக்கவேண்டும். நடந்திருக்கிறது. புனித நாள் என்பதற்கான 'ஹோலி'யும் 'டே'யும் சேர்ந்து 'ஹொலிடே' ஆனது. ஆட்டுக்கான 'ஷீப்', மேய்ப்பனில் 'ஷெப்பர்ட்' என்று குறுகியது. நோன்பை முறிக்கிற 'பிரேக்', காலைச் சாப்பாட்டில் 'பிரெக்ஃபஸ்ட்' ஆனது. ஒட்டுச்சொல்லின் முற்பாதி நெடில் குறுகுவது ஆங்கிலத்துக்கு இயல்பு. கொப்பியில் எப்போதும் இப்படி மூன்று உதாரணமாவது எழுதுங்கள். ஒற்றைச் சொல்லுக்கு மட்டும் ஒலி மாறியது என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

*உண்மையிலேயே எலும்பை எரித்தார்களா?* எரித்தார்கள். மத்திய காலத்து ஆங்கிலப் பிரசங்கம் ஒன்று, யோவான் திருநாளுக்கு முதல் நாளான ஜூன் 23 இரவு மூட்டும் நெருப்பை மூன்றாகப் பிரிக்கிறது: விறகே இல்லாமல் எலும்பு மட்டும் எரிப்பது ஒன்று, எலும்பே இல்லாமல் விறகு மட்டும் எரிப்பது ஒன்று, இரண்டும் சேர்ப்பது ஒன்று. முதலாவதுதான் நம்முடைய சொல். எலும்பு எரிகிற நாற்றத்துக்கு டிராகன்கள் ஓடிவிடும் என்பது காரணம். யானைக்குக் கொள்ளி காட்டிக் காவல் இருந்தவர்களுக்கு இது அவ்வளவு வேடிக்கையாகத் தெரியாது. பிறகு எலும்பு மறைந்து, வெளியில் மூட்டும் எந்தப் பெரிய நெருப்பும் அந்தப் பெயருக்குள் வந்துவிட்டது. 1605 நவம்பர் 5இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்கும் சதி அகப்பட்ட நினைவாக, இன்றைக்கும் அந்த நாளில் அங்கே ஊரூராக நெருப்பு மூட்டுகிறார்கள். அந்த இரவுக்கும் இதே பெயர்தான். நம் திருக்கார்த்திகைச் சொக்கப்பானை அவர்கள் கண்ணில் பட்டால் அதையும் பொன்ஃபயர் என்றுதான் சொல்வார்கள்.

சொக்கப்பானை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். கோயில் முன்றலில் நட்டு, ஓலை சுற்றி எரிப்பது பனை. ஆனால் நம் வாய் அதைப் 'பானை' ஆக்கிவிட்டது. "பானை எங்கே சேர்?" என்று சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள். எலும்பு மறைந்த பொன்ஃபயரைப் பார்த்து ஜோன்சன் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

லத்தீன் விளக்கத்தை விட்டுவிடாதீர்கள்

இது கட்டாயமான படி இல்லை. ஆனால் எனக்கு மிகப் பிடித்தது. 1483இல் எழுதிய 'இக்னிஸ் ஒஸ்ஸியும்' என்ற அந்த இரண்டு சொல்லையும் தனித்தனியே தட்டிப் பாருங்கள்.

'இக்னிஸ்' நெருப்பு. அதன் உறவுச்சொல் சமஸ்கிருத 'அக்னி', நாம் அக்கினி என்று எழுதுவது. 'ஒஸ்ஸியும்' எலும்புகளின். அதன் உறவுச்சொல் சமஸ்கிருத 'அஸ்தி'. செத்த வீடு முடிந்து காடாத்தி, முட்டியில் அள்ளிக்கொண்டு கீரிமலைக்குக் கரைக்கப் போகிறோமே, அந்த அஸ்தி. நாம் சாம்பலையும் சேர்த்தே அப்படிச் சொன்னாலும், சொல்லுக்கு அடிப்பொருள் எலும்பு. இங்கிலாந்தில் யாரோ ஒருவர் தன் ஊர்ச் சொல்லுக்கு எழுதி வைத்த லத்தீன் பொருளில் அக்கினியும் அஸ்தியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. முதல் தடவை இதைக் கண்ட அன்று நான் தேத்தண்ணீர் ஆறியதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஆனால் கவனம். இதை வைத்துக்கொண்டு "லத்தீன் தமிழிலிருந்து வந்தது" என்று கிளம்பாதீர்கள். அக்கினியும் அஸ்தியும் தமிழுக்குச் சமஸ்கிருதத்திலிருந்து வந்த கடன். உறவு லத்தீனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் இடையில். நெருப்பு நம்முடையது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை இணையத்தில் திறந்தால், நெருப்புக்குப் பக்கத்தில் தெலுங்கின் 'நிப்பு' நிற்கும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் வேண்டுமென்றால் சுருட்டு இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே 'செரூட்' என்று போய்ச் சேர்ந்துவிட்டது. நிரூபிக்கக்கூடிய பெருமை இருக்கும்போது நிரூபிக்க முடியாததற்கு ஏன் சண்டை?

பிற்பாதியையும் பாருங்கள்

'ஃபயர்' பழைய ஆங்கிலத்தில், உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஃபீர்' என்று சொன்னால் வரும் ஒலி. ஒரு காலத்தில் அதன் எழுத்துக்கூட்டல் வேறு மாதிரியும் இருந்தது. 'ஃபயரி' என்ற பெயரடையை எழுதும்போது எழுத்து இடம்மாறி நிற்பதாகத் தோன்றி எத்தனை பேர் புள்ளியை இழந்திருக்கிறீர்கள்? அது அந்தப் பழைய கூட்டலின் மிச்சம்.

கிரேக்கத்தில் நெருப்பு 'பூர்'. இன்றைய துருக்கியில் 3,000 ஆண்டுகளுக்கு முன் களிமண் பலகையில் எழுதப்பட்ட ஹிட்டைட் மொழியில் 'பஹ்ஹூர்'. அங்கே 'ப', ஆங்கிலத்தில் 'ஃப'. இது தற்செயலா? இரண்டாம் கேள்வியை மறுபடி கேளுங்கள், மூன்று உதாரணம் தேடுங்கள். தேடத் தூரம் போகவேண்டாம், நாம் கடன் வாங்கிய சமஸ்கிருதச் சொற்களிலேயே இருக்கிறது. பிதா – ஃபாதர். பாதம் – ஃபுட். பஞ்ச – ஃபைவ். மூன்றிலும் 'ப' ஆங்கிலத்தில் 'ஃப' ஆகியிருக்கிறது. 1822இல் இந்த மாற்றத்தை விதியாக வகுத்து எழுதியவர் யாக்கோப் கிரிம். தம்பியோடு சேர்ந்து ஜெர்மன் நாட்டார் கதைகளைத் தொகுத்தாரே, அவரேதான்.

ஆக, சமஸ்கிருதம், லத்தீன், கிரேக்கம், ஆங்கிலம் எல்லாம் சேர்ந்த அந்தப் பழைய மொழிக் குடும்பத்தில் நெருப்புக்கு இரண்டு பெயர் இருந்தது. அக்கினியின் வழி வந்தது உயிருள்ள, தெய்வத்தன்மையுள்ள நெருப்பு, ஃபயரின் வழி வந்தது வெறும் பொருளாகிய நெருப்பு என்று மொழியியலாளர் பலர் விளக்குவார்கள். அது நமக்கு விளங்கக் கஷ்டமில்லை. "அக்கினி வளர்த்து" என்று கலியாண வீட்டில் சொல்வோம். "அடுப்பில அக்கினி மூட்டு" என்று யாரும் சொல்வதில்லை.

வீட்டுச் சொல்லில் பழகிப் பாருங்கள்

ஆங்கிலத்தில் ஏமாறாமல் இருக்க, தமிழில் ஏமாந்து பார்ப்பது நல்ல பயிற்சி. துப்பாக்கிச் சூடு என்கிறோம். ஆங்கிலத்திலும் சுடுவதற்கு 'ஃபயர்' என்பார்கள், வெடிமருந்துக்கு நெருப்பு வைத்ததால் வந்த பொருள். இரண்டு மொழியும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. சரி, அப்படியென்றால் வயலில் 'சூடு வைத்தல்', 'சூடு அடித்தல்' என்கிறோமே, அதிலும் வெக்கை இருக்கிறதா? வகுப்பில் கேட்டால் பாதிப்பேர் "வெயில்ல அடிக்கிறதால" என்பார்கள். இல்லை. அந்தச் சூடு, அறுத்த கதிரைக் கட்டி அடுக்கிய குவியல். வயல் வேலை தெரிந்த அப்பாமாரைக் கேட்டால் ஒரு விநாடியில் சொல்வார்கள். ஒரே எழுத்து, ஒரே ஒலி, வேறு வேறு சொல்.

அடுத்தது இன்னும் பொல்லாதது. தமிழ் அகராதியில் 'வன்னி' என்று பாருங்கள். நெருப்பு என்று ஒரு பொருள் இருக்கும், 'வஹ்னி' என்ற சமஸ்கிருதச் சொல்லின் தமிழ் வடிவம். வன்னி மரமும் இருக்கும். உடனே, "எங்கட மண்ணின்ர பேரே நெருப்பு" என்று எழுதக் கை துருதுருக்கும். எழுதாதீர்கள். நிலத்தின் பெயரை நெருப்போடு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், வனத்தோடு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், ஆய்வாளரிடையே ஒரு முடிவு இல்லை. கொப்பியில் இரண்டையும் எழுதி, பக்கத்தில் 'இருக்கலாம்' என்று போடுங்கள். நல்ல கதை எல்லாம் உண்மையாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

பயிற்சிக்கு ஒரு சொல்

'கேர்ஃபியூ'. வன்னியில் இந்தச் சொல்லைத் தெரியாத வீடு இல்லை. ஊரடங்கு என்று தமிழில் சொன்னாலும், கிழவிகளும் கேர்ஃபியூ என்றே சொல்வார்கள். படிப்படியாகச் செய்யுங்கள்: ஊகம், எழுத்து, வெட்டு, பழைய வடிவம், மூன்று கேள்வி. நான் வெட்டுகிற படியை மட்டும் காட்டிவிடுகிறேன். வெட்டினால் பழைய பிரெஞ்சில் முற்பாதி 'மூடு', பிற்பாதி 'நெருப்பு'. இரவு மணி அடித்தால் வீட்டு நெருப்பை மூடிவிட்டுப் படுக்கவேண்டும். மரமும் வைக்கோலும் நிறைந்த ஊர்களில் ஒரு பொறி போதும்.

நெருப்பை அணைக்காமல் ஏன் மூடவேண்டும் என்று கேட்டான், அதே பொடியன். எனக்கு அம்மம்மாவின் அடுப்புத்தான் ஞாபகம் வந்தது. பொருளாதாரத் தடைக் காலம், நெருப்புப்பெட்டி கிடைக்காது, கிடைத்தாலும் வாங்கக் காசு இராது. இரவில் கடைசிப் பானை இறக்கியதும் தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, பெரிய தேங்காய்ப் பொச்சுத் துண்டொன்றை அதற்குள் புதைத்து, மேலே சாம்பலை அள்ளி மெத்தென்று மூடுவா. கை வைத்துப் பார்த்தால் சுடாது. விடிய நாலரைக்குச் சாம்பலைக் கிண்டி, தும்பைக் கொஞ்சம் வைத்து, ஊதுகுழலால் இரண்டு ஊது ஊதினால் பற்றிக்கொள்ளும். அடுப்பு மூட்டாத பக்கத்து வீடுகளிலிருந்து சிரட்டையோடு வந்து தணல் வாங்கிக்கொண்டு போவார்கள்.

இனி நீங்கள் செய்யுங்கள். கேர்ஃபியூவின் பிற்பாதியைப் பிரெஞ்சோடு நிறுத்தாமல் லத்தீன் வரைக்கும் கொண்டுபோங்கள், 'இக்னிஸ்' வராமல் வேறொரு சொல் வரும். அதைக் கொப்பியில் எழுதிவிட்டு, எரிபொருளுக்கான 'ஃபியூவல்', கமராவில் சரிசெய்கிற 'ஃபோகஸ்' இரண்டையும் அதே மாதிரித் தேடுங்கள். மூன்று சொல்லும் எந்த வீட்டின் எந்த மூலையில் போய் நிற்கின்றன என்று அடுத்த கிழமை வந்து சொல்லுங்கள்.